மாதேவியிடம் கேட்காத மாதேவி லட்டு

லேபிள் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் வணக்கம்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "புதுசா வந்தவங்ககிட்ட பத்து நிமிஷம் உன் அனுபவத்தைச் சொல்லு, போதும்" என்றார். பேச ஆரம்பித்தால் எனக்கு வேகம் பிடித்துவிடும், பாதியிலேயே நான் சிரித்துவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். தமிழ்நாட்டுக்குப் போகும் பாக்கெட்டுகளையும் இந்த மேசைதான் பார்க்க வேண்டும் என்பதால் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களாகத்தான் உங்களை எடுத்திருக்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை.

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் தலை நரைத்தவர்களாக இருப்பார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. நான் ஓய்வு பெறுவது லேபிள் மேசையிலிருந்து மட்டும்தான். நாளையிலிருந்து கொள்முதல் பிரிவு. அதுவும் இதே மைசூர் மண்டி மொஹல்லா மாடியில், உங்களுக்கு நாலு மேசை தள்ளி. ஆனாலும் லட்டுக்கும் முறுக்குக்கும் கடலை மிட்டாய்ச் சிக்கிக்கும் முதுகில் என்ன எழுதலாம், என்ன எழுதக்கூடாது என்று ஆறு வருடம் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், பச்சைப் புள்ளி எந்த மூலையில் வர வேண்டும் என்பதெல்லாம் நீலக் கோப்பில் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். கோப்பில் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. லேபிளைப் படிக்கிறவர்கள் அதை நம்புகிறார்கள். இதை நான் முதல் வருடமே கற்றேன். ரெடிமேட் சேமியா பாக்கெட்டின் செய்முறை வரிகள் எப்படியோ முறுக்கு பாக்கெட்டில் ஏறிவிட்டன. ப்ரூஃப் பார்த்தவன் நான். ஒரு வாரம் கழித்து ஒரு அம்மா போன் செய்தார். "சாரே, நீங்க சொன்ன மாதிரி கொதிக்கிற தண்ணியில அஞ்சு நிமிஷம் போட்டேன். முறுக்கு கரைஞ்சு போச்சு. இப்ப என்ன பண்ணட்டும்?" முறுக்கை எதற்கு வேகவைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லையா என்று நான் கேட்கவில்லை. பாக்கெட்டில் எழுதியிருந்தது, அவர் செய்தார். "வடிகட்டிடுங்கம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவ்வளவுதான் தோன்றியது.

இப்போது லட்டுக்கு வருகிறேன்.

அன்று மதியம் ஆபீஸில் யாரும் வேலை செய்யவில்லை. தேசியப் போட்டியில் பெண்களுக்கான எண்ணூறு மீட்டர் இறுதி ஓட்டம். என் போனைச் சுற்றிப் பதினொரு தலை. ஓடுகிறவர்களில் ஒருத்தி மாதேவி. தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ஹனூர் பக்கத்துப் பெண், மைசூரில் விளையாட்டு ஹாஸ்டலில் தங்கிப் பயிற்சி எடுக்கிறவள். என் அப்பா அம்மாவும் அந்தப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்காக மைசூருக்கு வந்தவர்கள்தான். டிவியில் அவள் "ஓடுனேனுங்க, அவ்வளவுதானுங்க" என்று பேசினால் எங்கள் வீட்டில் யாரோ பேசுவது மாதிரியே இருக்கும்.

கடைசி வளைவில் நாலாவதாக இருந்தாள். பிறகு மூன்று. பிறகு என் போனை யாரோ பிடுங்கிவிட்டார்கள். அக்கவுண்ட்ஸ் பிரிவு மொத்தமும் நாற்காலி மேல் ஏறிவிட்டது. கத்தலைக் கேட்டு முதலாளி அறையிலிருந்து ஓடி வந்தார்.

"ஏன்ப்பா, யாரு செத்தது?"

"யாரும் சாகல சார்! மாதேவி ஜெயிச்சுட்டா!"

"நம்ம மாதேவியா?" என்றார். அவருக்கு அவளைத் தெரியாது. ஆனாலும் நம்ம மாதேவி. ஜெயித்தால் நம்ம ஊரில் எல்லாரும் நம்மவர்கள்தான்.

அந்த மகிழ்ச்சியில்தான் என் வாய் திறந்தது. "சார், நம்ம ராகி லட்டுக்கு மாதேவி பேரை வைக்கலாமா?"

ராகி லட்டு அப்போது கடைகளில் தூங்கிக்கொண்டிருந்தது. முதலாளி என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தார். அடியின் அளவைப் பார்த்தால் சம்மதம்தான். அன்று சாயங்காலத்துக்குள் நானே லேபிள் எழுதி முடித்தேன். மேலே பெரிதாக 'மாதேவி எனர்ஜி லட்டு'. பக்கத்தில் குதிரைவால் முடி பறக்க ஓடும் ஒரு பெண்ணின் நிழலுருவம், கழுத்தில் பதக்கம். கீழே கன்னடத்தில் ஒரு வரி. தமிழில் சொன்னால், 'மாதேவியின் தினசரி பலம்.'

அவள் தினமும் இதைச் சாப்பிடுகிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஏதோ ஒரு பேட்டியில் சின்ன வயதில் ராகிக் களி சாப்பிட்டேன் என்று சொல்லியிருந்தாள். ராகிக்கும் ராகி லட்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தை நான் ஒரே தாவலில் தாண்டிவிட்டேன்.

அவளிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பேர் அச்சில் வருவது எங்களுக்குச் சாதாரண விஷயமல்ல. ஒருவர் பேரை அழகாக அச்சடிப்பதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியாது. மாலை போடும்போது கழுத்தை நீட்டுங்கள் என்றுதான் சொல்வோம், போடலாமா என்று கேட்போமா? ஊரே அப்படித்தான். யாராவது ஜெயித்தால் சாயங்காலத்துக்குள் ஃப்ளெக்ஸ் கட்டிவிடுவார்கள். ஜெயித்தவர் முகம் ஒன்று, வாழ்த்துகிறவர்கள் முகம் முப்பது. எந்த முகத்திடமும் யாரும் கேட்பதில்லை.

லட்டு பறந்தது. நான் ஒரு பெட்டி லட்டும் ஒரு வாழ்த்துக் கடிதமும் ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டு, நன்றிக் கடிதம் வரும் என்று தினமும் வாசலைப் பார்த்தேன். கடிதம் வந்தது. பெட்டியும் கூடவே வந்தது, பிரிக்காமல். கடிதத்தில் மூன்று வரி. 'நான் இந்த லட்டைச் சாப்பிடுவதில்லை. என்னைக் கேட்டு என் பேரைப் போடவில்லை. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.' கீழே கையெழுத்து.

எனக்கு மூக்கு விடைத்துவிட்டது. முதலாளிக்கு அதைவிட. கோபம் வந்தால் அவர் பேச்சில் கன்னடம் கலந்துவிடும்.

"நோடப்பா, மரியாதை பண்ணினா மூஞ்சியில அடிக்கிறா! மாதேவிங்கற பேரு அவ ஒருத்திக்கா சொந்தம்? எங்க அத்தை பேரு என்ன?"

"தெரியாது சார்."

"மாதேவம்மா! ஆயித்தா? இந்த லட்டு எங்க அத்தை பேர்ல வந்தது. அப்படின்னு பதில் எழுது. அத்தைகிட்ட ஒரு போட்டோவும் வாங்கிக்கோ."

அத்தை என்றால் அவருடைய மாமியார். நான் பதில் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் விஜயநகர் பகுதியில் இருக்கும் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். மாதேவம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் பாக்கெட்டைப் பார்த்தார். ஓடுகிற நிழலுருவத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு?"

"நீங்கதான்மா."

"நானா? நான் எப்ப ஓடினேன்? எனக்கு முட்டி வலி வந்தே எத்தனை வருஷம் ஆச்சு!" பதக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "இது என்ன, தாலியா?"

"மெடல்மா."

"எதுக்குக் கொடுத்தாங்க?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு, பதில் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். எங்கள் லட்டு எங்கள் நிறுவனரின் மாமியார் மாதேவம்மாளின் நினைவாக என்று ஒரு வரி இருந்தது.

"நினைவாகவா? ஏன்டா, நான் உயிரோட உன் முன்னாடி உக்காந்திருக்கேன்!"

"அது... கௌரவமா இருக்கட்டும்னு எழுதினேன்மா."

"மாப்பிள்ளை கௌரவம்! மண்டி மொஹல்லால அந்தக் கட்டடமே என் பேர்ல இருக்கு. அதன் வாசல்ல என் பேரை எழுதல, லட்டு மேல எழுதறாராம். எனக்குச் சர்க்கரை. டாக்டர் இந்த பாக்கெட்டைப் பார்த்தா என்ன நினைப்பாரு? யாரைக் கேட்டு என் பேரைப் போட்டீங்க?"

ஒரே வாரத்தில் இரண்டாவது மாதேவியும் ஆட்சேபம் தெரிவித்துவிட்டார். இதில் ஒரு பாடம் இருக்கிறது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான் யோசித்ததெல்லாம், இந்தப் பெண்ணை நேரில் பார்த்துப் பேசினால் புரிந்துகொள்வாள் என்பதுதான். நம் பக்கத்துப் பெண்தானே.

மறுநாள் காலை மைதானத்துக்குப் போனேன். பயிற்சி முடிந்து அவள் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். டிவியில் பார்த்ததைவிடச் சின்னப் பெண். என்னைவிட எட்டு ஒன்பது வயது இளையவள். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"அந்த வரி எழுதுனது நீங்ளாங்ணா? தினசரி பலம்?"

"நான்தான்" என்றேன், கொஞ்சம் பெருமையோடுதான்.

"நானு தினமும் என்ன திங்கறேன்னு எங்க கோச்சுக்கே பாதிதான் தெரியுமுங்ணா. உங்ளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நான் ராகியின் பெருமையைப் பேச ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "அது கெடக்கட்டும். உள்ள என்னென்ன போடறீங்க?"

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. உள்ளடக்கப் பட்டியல் எல்லாம் எனக்கு மனப்பாடம். மூச்சு விடாமல் ஒப்பித்தேன். "ராகி மாவு, வெல்லம், நெய், வேர்க்கடலை, ஏலக்காய், மேலே தூவின வறுத்த கசகசா."

"கசகசாவா?"

அவள் முகம் மாறியது.

"அண்ணா, போட்டி முடிஞ்சதும் எங்கள ஊக்கமருந்துப் பரிசோதனைக்குக் கூப்புடுவாங்க. கசகசா அபினிச் செடியோட வெதைங்ணா, தின்னுருந்தா அதுல தப்பான பொருளு காட்டலாம். காட்டும்னு இல்லீங்ணா, காட்டலாம். அந்த 'லாம்'க்குப் பயந்துதான் நானு எங்க அக்கா கல்யாணத்துல பாயசம் குடிக்கல. வர்ற புதன்கிழமை எனக்குத் தேர்வு ஓட்டம். மொத ரெண்டு பேருதான் வெளிநாடு போற டீமுக்கு. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, 'உன் பேரு போட்ட லட்டுல கசகசா இருக்கே, தினமும் திங்கறேன்னு எழுதியிருக்கே'ன்னு கேப்பாங்க. நானு என்னன்னு சொல்றது? எவரோ எழுதுனாருன்னா?"

அந்த எவரோ அவள் முன்னால் ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றிருந்தான். சுழற்றுவதை நிறுத்தினேன்.

அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. "ஞாயித்துக்கிழமை வியாபாரிகள் சங்கத்துல உனக்குப் பாராட்டு விழா இருக்குல்ல..."

"ஆமாங்ணா. ஹாஸ்டல்ல போயே ஆகோணும்னு சொல்லிட்டாங்க."

"அதுல இனிப்பு ஊட்டறது எங்க லட்டுதான்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். உங்களுக்கு நம்ம ஊர் விழா தெரியும். சால்வை, மாலை, தலைப்பாகை. பிறகு பெரியவர் ஒருவர் இனிப்பைக் கையில் எடுத்து வாயருகே கொண்டுபோவார். போட்டோக்காரர் "ஒரு நிமிஷம் சார், இப்படி" என்பார். வாயைத் திறந்தே ஆக வேண்டும்.

"கசகசா இல்லாம தனியா பண்ணச் சொல்றேன்" என்றேன்.

"தொறந்து வச்ச தண்ணியக் கூட நானு குடிக்க மாட்டேனுங்ணா. தட்டுல வர்றத எப்படித் திங்கறது? மேடையில வாய இறுக்கி மூடிக்கிட்டு நின்னா திமிரு புடிச்சவன்னு சொல்ல மாட்டாங்ளா?"

முதலாளியிடம் வந்து சொன்னேன். அவர் சிரித்தார். "கசகசாவை எங்க தாத்தா காலத்துலேர்ந்து பாயசத்துல போடறோம். யாரு ஓட முடியாம நின்னாங்க?"

"சார், அவங்க பரிசோதனை..."

"ஒரு கடிப்பா! ஒரே ஒரு கடி! போட்டோ எடுத்ததும் துப்பிடட்டும், விடுப்பா. தட்டைப் பிடிச்சுக்கிட்டு நீதான் நிக்கப் போற."

இப்படியாக, அவள் சாப்பிடக்கூடாத லட்டை அவள் வாய்வரை கொண்டுபோகும் தட்டு என் கைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் எங்கள் பேனர், ஆள் உயரத்துக்கு லட்டு. சங்கத் தலைவர் பெரிய உருவம், பெரிய குரல், கையில் இருபது பக்கப் பேச்சு. மாதேவி சால்வைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் மாதேவம்மா, அவர் பக்கத்தில் ஹாஸ்டலின் ஜூனியர் பெண்கள் ஒரு வரிசை. நான் தட்டோடு நின்றேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. தட்டைக் கீழே போடுவது ஒரு யோசனை. ஆனால் உள்ளே இன்னும் நாற்பது லட்டு இருந்தது.

"இப்போது இனிப்பு!" என்றார் அறிவிப்பாளர். தலைவர் எழுந்தார். ஒரு லட்டை எடுத்தார். மாதேவி என்னைப் பார்த்தாள். அறிவிப்பாளர் என் பக்கத்தில்தான் நின்றார். அவர் மைக்கை நான் வாங்கினேன். பிடுங்கினேன் என்று அவர் இன்றும் சொல்வார்.

"இப்போது, நமக்கெல்லாம் பெருமை தேடித்தந்த மாதேவி அவர்கள், தம் கையால் பெரியவருக்கு இனிப்பு ஊட்டுவார்!"

தலைவர் கையில் லட்டோடு என் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான் அவளுக்குத் தேவைப்பட்டது. எண்ணூறு மீட்டரின் கடைசி வளைவில்கூட அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை. தலைவர் கையிலிருந்த லட்டு அவள் கைக்கு வந்து, அங்கிருந்து தலைவர் வாய்க்குள் முழுசாகப் போய்விட்டது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ராகி லட்டு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் இல்லாமல் இறங்காது. தலைவர் கண்ணை உருட்டினார், தலையை ஆட்டினார், இருபது பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மேடையில் உட்கார்ந்திருந்த முதலாளி என்னைப் பார்த்து "ஏய்..." என்று வாயைத் திறந்தார். திறந்திருக்கக் கூடாது. இரண்டாவது லட்டு அங்கே போனது. பிறகு செயலாளர், பொருளாளர். வரிசையாக நாலு பேர். மேடையில் பேசும் நிலையில் ஒருவரும் இல்லை. முன்வரிசையிலிருந்து மாதேவம்மா கண்ணில் நீர் வரச் சிரித்து, "மாப்பிள்ளைக்கு இன்னொண்ணு கொடும்மா!" என்று கத்தினார். விழா முக்கால் மணி நேரம் முன்னாலேயே முடிந்தது. அப்படி ஒரு விழாவை மைசூர் பார்த்ததில்லை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டு போனார்கள்.

இங்கே நான் நிறுத்தியிருந்தால் இது என் சாமர்த்தியத்தின் கதையாக இருந்திருக்கும். அன்று நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

திங்கள் காலை பேப்பரில் படம். மாதேவி கையில் லட்டு, முகத்தில் சிரிப்பு, பின்னால் ஆள் உயர பேனர். விளம்பரக் கம்பெனிக்குக் கொடுத்து எடுத்திருந்தாலும் அப்படி வந்திருக்காது. கடைகளிலிருந்து போன் மேல் போன். முதலாளி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "தலைமேல வச்சுக்கணும்பா உன்ன! அவளே ஊட்டிட்டா. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பேரை எடுன்னு கேப்பா?"

பத்து மணிக்கு அவளே போன் செய்தாள்.

"அண்ணா, நேத்து பண்ணுனது நல்லதுங்ணா. சிரிச்சு சிரிச்சு வயிறே வலிச்சுப்போச்சு. ஆனா பேப்பரு பாத்தீங்ளா?"

"பார்த்தேன்."

"ஹாஸ்டல்ல ஜூனியரு புள்ளைங்க ரெண்டு பேரு பாக்கெட்டு வாங்கி வச்சிருக்காங்க. புதன்கிழமை அவங்ளும் ஓடறாங்க. நானு புடுங்குனா, 'அக்கா மட்டும் தின்னலாமா? தினசரி பலம்னு போட்டிருக்கே'ங்கறாங்க. ஒரு புள்ள, ஓடறதுக்கு முன்னாடி ரெண்டு திங்கறேங்கறா. நானு பாத்து நிறுத்திட்டேன். நானு பாக்காத ஊருல இருக்கற புள்ளைங்ள என்ன பண்றது?"

எனக்குக் கொதிக்கிற தண்ணீரில் முறுக்கைப் போட்ட அந்த அம்மா ஞாபகத்துக்கு வந்தார். பாக்கெட்டில் எழுதியிருந்தது, செய்தார்.

நீங்கள் இந்த மேசையில் எத்தனையோ தப்பு செய்வீர்கள். தப்பு செய்ததும் கை தன்னால் ஒரு சாமர்த்தியத்தைத் தேடும். சாமர்த்தியம் அந்த நிமிடத்தைக் காப்பாற்றும். தப்பு அங்கேயேதான் இருக்கும், சமயத்தில் முன்னைவிடப் பளபளப்பாகவும் ஆகிவிடும். மேடையில் நான் அவள் வாயைக் காப்பாற்றினேன். பேரைக் காப்பாற்றவில்லை.

இரண்டு தாள் எடுத்தேன். ஒன்றில் இப்படி எழுதினேன்: 'ஓட்ட வீராங்கனை மாதேவியைக் கேட்காமல் அவர் பேரை எங்கள் லட்டுக்கு வைத்தோம். அவர் இதைச் சாப்பிடுவதில்லை. இதில் கசகசா இருக்கிறது. பரிசோதனைக்குப் போகும் விளையாட்டுக்காரர்கள் தவிர்க்கவும். பாக்கெட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.' இன்னொன்றில்: 'மாதேவி எங்கள் லட்டைத் தினமும் சாப்பிடுகிறார். நான் பார்த்திருக்கிறேன்.' இரண்டிலும் கையெழுத்துக்கு இடம் விட்டேன். முதலாளி அறைக்குள் போய் இரண்டையும் மேசையில் வைத்தேன். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்ற யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

"என்னப்பா இது?"

"ஏதாவது ஒண்ணுல கையெழுத்து போடுங்க சார். நாம பாக்கெட்டுல சொல்றது ரெண்டாவது தாள்லதான் இருக்கு."

படித்தார். "இதுல என்ன இருக்கு" என்று பேனாவை எடுத்தார். பேனா இரண்டாவது தாளின் மேல் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. வெளியே தெருவில் ஆட்டோக்காரர் ஒருவர் யாரையோ திட்டி முடித்து, போயும் விட்டார்.

"நீ போடேன் கையெழுத்து. நீதானே எழுதினவன்."

"நானும் பார்க்கல சார்."

"யாராச்சும் பாத்திருப்பாங்க."

"யாரு சார்?"

நம் முதலாளி சத்தம் போடுகிறவர், ஆனால் எழுத்தில் பொய்க்குக் கையெழுத்து வைக்கிற ஆள் இல்லை. அது எனக்கே அன்றுதான் தெரிந்தது. அவருக்கும் அன்றுதான் தெரிந்திருக்கும். முதல் தாளை இழுத்து, பேப்பர் கிழிகிற மாதிரி ஒரு கையெழுத்து போட்டார். "எங்க அத்தை பேரையும் எடுத்துடு. காலையிலேர்ந்து நாலு தடவை போன் பண்ணிட்டாங்க. நேத்து அவ திங்க வச்ச லட்டுல எனக்குப் பல்லு வேற ஆடுது."

தாள் அன்றே கடைகளுக்கும் பேப்பருக்கும் போனது. வேனில் திரும்பி வந்த பாக்கெட்டுகள் இந்த மாடி முழுக்கக் குவிந்தன. வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, பேரையும் வரியையும் மறைத்து, 'ராகி லட்டு, கசகசா சேர்த்தது' என்று மாற்ற வேண்டும். இரண்டு நாள், அக்கவுண்ட்ஸ் முதல் டிரைவர் வரை எல்லார் விரலிலும் பசை. மாதேவம்மா வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் ஒட்டுவதை மேற்பார்வை பார்த்தார். "கோணலா இருக்கு, எடுத்து ஒட்டு" என்பார். ஒரு ஓரத்தில் குதிரைவால் மட்டும் மறையாமல் நின்றால், "யார் தலைமுடி இது லட்டுல?" என்பார். சிரித்துச் சிரித்து ஸ்டிக்கர் மேலும் கோணலாகும்.

புதன்கிழமை மதியம் ஒட்டிக்கொண்டேதான் தேர்வு ஓட்டத்தைப் பார்த்தோம். போனை ஒரு பெட்டி மேல் சாய்த்து வைத்திருந்தோம். கடைசி வளைவில் அவள் மூன்றாவது. முன்னால் போனவள் ஒரு கணம் தோளைத் திருப்பிப் பார்த்தாள். அந்த ஒரு கணத்தில் மாதேவி உள்பக்கமாக நுழைந்துவிட்டாள். இரண்டாவது! டீமில் இருக்கிறாள்! ஸ்டிக்கர் ரோல் பறந்தது, நாற்காலிகள் மேல் மறுபடியும் அக்கவுண்ட்ஸ். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார்.

"ஏய்! நம்ம கடலைச் சிக்கிக்கு..."

பதினொரு பேரும் திரும்பி அவரைப் பார்த்தோம். மாதேவம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்த்தார்.

"...இன்னும் கொஞ்சம் வெல்லம் போடணும்னு சொல்ல வந்தேன்" என்றார்.

அன்று சாயங்காலம், பரிசோதனை எல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, அவள் போன் செய்தாள். பின்னால் ஒரே சத்தம், ஜூனியர் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் வாழ்த்து சொல்லி முடிப்பதற்குள் அவள் குறுக்கிட்டாள்.

"அண்ணா, இந்த லட்டு விஷயத்துல எனக்குச் சம்பந்தமில்லேன்னு எங்க தடகளச் சங்கத்துக்கு ஒரு விளக்கம் எழுதிக் குடுக்கோணும். அதுல உங்க பேரு எழுதோணும். எழுதட்டுங்ளா?"

என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சந்தோஷமாக, எழுதிக்கொள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"எதுல வரும்? என்னன்னு எழுதுவ? யார் யார் படிப்பாங்க?"

அந்தப் பக்கம் அவள் சிரித்த சிரிப்பில் பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டார்கள்.

"கேக்கத் தெரியுதேங்ணா உங்ளுக்கு! மூணும் சரியாக் கேட்டீங்க."

நீலக் கோப்பின் முதல் பக்கத்தில் யார் பேரைப் போடுவதானாலும் கேட்க வேண்டியவை என்று மூன்று கேள்விகள் கையெழுத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்தது என்று மேனேஜர் சொல்வார். சொல்லட்டும். என் வாயிலிருந்து, என்னைக் காப்பாற்றிக்கொள்ள, தன்னால் வந்தவை அவை.

"சரி, என்ன எழுதியிருக்க? படி."

"'இந்த வரியை எழுதியவர் மாரிமுத்து. அவர் என்னைக் கேட்காமல் தப்பு செய்தார். பிறகு அவரே வந்து சரி செய்தார்.' அவ்வளவுதானுங்ணா."

நான் யோசித்தேன். "நடு வரியை மட்டும் எடுத்துடலாமா?"

"முடியாதுங்ணா."

"சரி" என்றேன். "எழுது."